டக்... டக்... என்றது கம்ப்யூட்டர், காது கொடுக்காதது டாக்டர்

1/
வழக்கமாக சுகர், பிரஷர், கொழுப்பு என்று எழுதுகிறவன் இன்று கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருந்து வரும் சத்தங்களைப் பற்றி எழுதப் போகிறேன்.

"டாக்டருக்கு எதுக்குங்க இந்த வேலை?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். கொஞ்சம் நீளமான இழை. கடைசி வரை படிங்க. இதில் நான் செய்த ஒரு தவறு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

2/
என் கிளினிக்கில் ரிசப்ஷன் மேஜைக்குக் கீழே ஒரு டெஸ்க்டாப் இருக்கிறது. எட்டு வருடப் பழசு. நோயாளி பெயர், வயது, பிரஷர், சுகர், கிரியாட்டினின், எழுதிக் கொடுத்த மாத்திரை எல்லாம் அதில்தான். ஒருவர் உள்ளே வந்து உட்காருவதற்குள் அவருடைய பழைய ரீடிங் எல்லாம் என் ஸ்க்ரீனில் வந்து நிற்கும்.

போன வருடம் ஒரு நாள் காலை ஆன் செய்ததும் "கர்ர்ர்ர்" என்று ஒரு சத்தம். பத்து நிமிடத்தில் தானாக நின்றுவிட்டது. மறுநாள் காலை மறுபடி கர்ர்ர்.

நான் என்ன செய்தேன்? பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினேன். சத்தம் நின்றது. சிரிக்காதீங்க, நீங்களும் தட்டியிருப்பீங்க!

3/
தட்டினால் நிற்கிறது என்பதால் ஒரு மாதம் தினமும் தட்டினோம். நெஞ்சு கரிக்கிறது என்று ஆறு மாதம் ஜெலுசில் குடித்துவிட்டு வருபவர்களை "ஏங்க முன்னாடியே வரலை?" என்று நான் கடிந்துகொள்வது உண்டு. அதே ஆள்தான் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓபி இல்லை. "சரி, நம்ம நோயாளியைப் பார்க்கிற மாதிரியே இதையும் பார்த்துடுவோம்" என்று உட்கார்ந்தேன்.

4/
முதலில் ஹிஸ்டரி. இருமல் என்று வருபவரிடம் நாங்கள் கேட்பதும் இதில் கேட்க வேண்டியதும் ஒன்றுதான்.

எப்போது வருகிறது? காலையில், ஆன் செய்ததும்.
எவ்வளவு நேரம்? பத்து நிமிடம், சூடானதும் குறைகிறது.
தொடர்ந்தா, விட்டு விட்டா? தொடர்ந்து.
எதனால் கூடுகிறது? குளிர்ந்த நாட்களில் அதிகம்.
கூடவே வேறு ஏதாவது? கம்ப்யூட்டர் ஹேங் ஆகிறதா? இல்லை.

இந்த ஐந்து பதிலிலேயே பாதி டயக்னோசிஸ் முடிந்துவிட்டது. தொடர்ந்து வரும் சத்தம், குளிரில் அதிகம், சூட்டில் குறைவு, வேலையில் பாதிப்பு இல்லை. ஃபேன் பேரிங்கில் எண்ணெய் காய்ந்திருக்க வேண்டும்.

5/
அடுத்தது பரிசோதனை. இங்கே ஒரு சின்ன வரலாறு.

1761இல் ஆஸ்திரிய மருத்துவர் ஆவன்ப்ரூகர், நோயாளியின் நெஞ்சை விரலால் தட்டி, வரும் ஒலியை வைத்து உள்ளே நீர் கட்டியிருக்கிறதா என்று சொல்லும் முறையைப் புத்தகமாக எழுதினார். அவர் விடுதிக்காரர் மகன். ஒயின் பீப்பாயைத் தட்டி எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் பழக்கத்தில் இருந்து வந்த யோசனை என்று எங்களுக்குப் பாடம் நடத்துவார்கள்.

1816இல் பாரிஸில் லேனெக் என்ற மருத்துவர் ஒரு இளம்பெண்ணின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்கச் சங்கடப்பட்டு, காகிதத்தைக் குழாய் போல் சுருட்டி வைத்துக் கேட்டார். நேரடியாகக் கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்டது. ஸ்டெதஸ்கோப்பின் பிறப்பு அந்தக் காகிதச் சுருளில்தான்.

6/
நானும் அதையே செய்தேன். ஸ்டெத் என் கழுத்திலேயே இருந்தது. ஆனால் ஓடுகிற கம்ப்யூட்டரின் போர்டு மேல் உலோகத்தைக் கொண்டுபோனால் ஷார்ட் ஆகும். அதனால் ஒரு பழைய காலண்டர் தாளைச் சுருட்டிக்கொண்டேன். ஒரு முனை காதில், மறுமுனை ஒவ்வொரு பாகத்துக்கும் நேரே, ஃபேன் இறக்கையில் படாத தூரத்தில்.

பக்கப் பலகையைக் கழற்றுவதற்கு முன் பவரை ஆஃப் செய்து, வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் கழற்றினேன். திறந்தால் உள்ளே ஒரு தலையணைக்குப் போதுமான பஞ்சு!

ப்ராசசர் மேல் உள்ள ஃபேன்: சீரான காற்றுச் சத்தம்.
பவர் சப்ளை: லேசான "ம்ம்ம்".
பெட்டியின் பின்பக்க ஃபேன்: கர்ர்ர்ர். பிடிச்சாச்சு!

7/
உறுதி செய்ய ஒரு வழி. மறுபடி ஆஃப் செய்து, அந்த ஃபேனை மட்டும் விரலால் சுற்றிப் பார்த்தேன். நல்ல ஃபேன் வழுக்கிக்கொண்டு சுற்றி மெதுவாக நிற்கும். இது அரைச் சுற்றில் மக்கர் செய்தது. இறக்கையை ஆட்டினால் அச்சில் ஆட்டமும் இருந்தது. நாங்கள் முழங்கால் மூட்டை மடக்கிப் பார்த்து "கரகர"ப்பைத் தொட்டு உணர்வோமே, அதேதான்.

புதிய 120 மி.மீ. ஃபேன் சில நூறு ரூபாய். நான்கு திருகு, ஒரு கனெக்டர். மாற்றினேன். சத்தம் போயே போச்சு. திங்கட்கிழமை கிளினிக்கில் என் நடையே வேற மாதிரி இருந்தது.

8/
உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பயன்படும் என்பதால், மற்ற சத்தங்களையும் சொல்லிவிடுகிறேன்.

"டிக்டிக்டிக்" என்று வேகமாக, ஃபேன் வேகம் கூடும்போது கூடினால்: ஏதோ ஒரு வயர் இறக்கையில் உரசுகிறது. வயரை ஒதுக்கிக் கட்டினால் போதும்.

"ம்ம்ம்" என்ற அதிர்வு, பெட்டியைக் கையால் அழுத்தினால் நின்றால்: திருகு தளர்ந்திருக்கிறது, அல்லது பெட்டி சமமான தரையில் இல்லை.

"ஊஊஊ" என்று ஃபேன் எப்போதும் முழு வேகத்தில் அலறினால்: பெரும்பாலும் தூசி அடைத்து உள்ளே சூடு ஏறியிருக்கிறது. காய்ச்சலுக்கு மூச்சு வாங்குகிற மாதிரி. ஃபேன் மேல் தவறில்லை, சூட்டைப் பாருங்கள்.

ஆன் செய்ததும் "பீப் பீப் பீப்" என்று திரும்பத் திரும்ப அடித்து, திரை வரவில்லை என்றால்: அது மதர்போர்டு பேசும் பாஷை. பல நேரம் ரேம் சரியாக உட்காராததுதான் காரணம். எத்தனை பீப்புக்கு என்ன அர்த்தம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதன் கையேட்டில் பாருங்கள்.

9/
ஒரு எச்சரிக்கை. பவர் சப்ளை பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். வயரைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கி நிற்கும். ஷாக் அடிக்கும். அதற்குள் சத்தம் என்றால் முழுசாக மாற்றுவதுதான் சிகிச்சை. கூடவே கருகிய வாடை வந்தால் யோசிக்காமல் சுவிட்சை அணையுங்கள்.

ப்ராசசர் ஃபேனைக் கழற்றிவிட்டு "சத்தம் நிற்குதா பார்ப்போம்" என்று கம்ப்யூட்டரை ஓடவிடுவதும் வேண்டாம்.

10/
இப்போது ஒரு வேடிக்கை. ஃபேன் மாற்றி இரண்டு நாள் கழித்து ரிசப்ஷன் தங்கச்சி வந்து, "சார், இன்னும் ஒரு சத்தம் வருது. கீ...ன்னு சன்னமா" என்றார். நான் போய்க் கேட்டேன். ஒன்றும் இல்லை. காகிதக் குழாய் வைத்தும் ஒன்றும் இல்லை. "இல்லையேம்மா, பிரமையா இருக்கும்" என்றேன்.

அப்போது காய்ச்சலுக்கு வந்திருந்த ஒரு எட்டாம் வகுப்புப் பையன், "எனக்கும் கேக்குது அங்கிள்" என்றானே பார்க்கலாம்!

எனக்கு வயது 48. வயது ஏற ஏற காதின் உணர்வுச் செல்கள் தேய்ந்து, முதலில் போவது கீச்சென்ற உயர் சுருதி ஒலிகள்தான். பழைய பிக்சர் ட்யூப் டிவி ஆன் செய்தால் பக்கத்து அறையில் இருந்தே ஒரு "கீ" கேட்குமே, நினைவிருக்கிறதா? அது 15,625 ஹெர்ட்ஸ். சின்ன வயதில் எனக்கும் கேட்டது. இப்போது கேட்காது.

11/
கம்ப்யூட்டரில் வரும் அந்தக் "கீ"க்கு காயில் வைன் என்று பெயர். மின்சாரம் சீராக இல்லாமல் துடிப்புத் துடிப்பாகப் போகும்போது செம்புக் கம்பிச் சுருள்கள் மிக வேகமாக அதிர்வதால் வருவது. பெரும்பாலும் ஆபத்தில்லை.

ஆபத்தில்லாத சத்தம்தான். ஆனால் எனக்கு அது ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டும். என் காதில் விழவில்லை என்பதால் ஒரு சத்தம் இல்லை என்று ஆகிவிடாது. அந்தப் பெண் சொன்னால் அதில் விஷயம் இருக்கும். நான் அதைக் கற்றுக்கொள்ளவில்லை.

12/
இனிமேல்தான் கதையே.

மூன்று வாரம் கழித்து அவர் மறுபடி வந்தார். "சார், கம்ப்யூட்டர்ல சத்தம் வருது."

"அதான் ஃபேன் மாத்தியாச்சேம்மா."

"இல்ல சார், இது வேற. அது கர்ருனு தொடர்ந்து வந்துச்சு. இது டக்... டக்...னு நின்னு நின்னு வருது. அது வரும்போது அரை நிமிஷம் அப்படியே ஸ்டக் ஆயிடுது."

எவ்வளவு அருமையான ஹிஸ்டரி பாருங்கள்! என் ஹவுஸ் சர்ஜன்கள் இப்படி ஒரு ஹிஸ்டரி எடுத்து வந்திருந்தால் தட்டிக்கொடுத்திருப்பேன். சத்தத்தின் தன்மை, இடைவெளி, கூட வரும் அறிகுறி, பழையதில் இருந்து எப்படி வேறுபடுகிறது என்பது வரை எல்லாம் இருக்கிறது.

வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். "விண்டோஸ் அப்டேட் ஆகும்மா, விடு" என்றேன்.

13/
எங்கள் துறையில் எக்ஸ்ரே பார்ப்பவர்களுக்குச் சொல்லித் தரும் ஒரு பாடம் உண்டு. ஒரு எலும்பு முறிவைக் கண்டுபிடித்த திருப்தியில், பக்கத்திலேயே இருக்கும் இரண்டாவது முறிவைக் கண் தவறவிட்டுவிடும். தேடியது கிடைத்துவிட்டது என்று மனம் தேடுவதை நிறுத்திக்கொள்ளும்.

நான் ஃபேனைக் கண்டுபிடித்தவன் இல்லையா? அந்தப் பெருமையில் என் காது மூடிக்கொண்டது.

14/
அந்த "டக்... டக்" என்ன?

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே கண்ணாடி போல் வழவழப்பான தட்டுகள் சுற்றுகின்றன. டெஸ்க்டாப்பில் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது நொடிக்கு 120. அதன் மேல் எழுதவும் படிக்கவும் ஒரு தலை, சில நானோமீட்டர் இடைவெளியில் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமன் ஐம்பதாயிரம் நானோமீட்டருக்கு மேல். அப்படியென்றால் அந்த இடைவெளி எவ்வளவு சிறியது என்று பாருங்கள். ஒரு தூசி போதும், தட்டில் கீறல் விழ.

தலை பழுதானாலோ, தட்டில் உள்ள வழிகாட்டிக் குறிகளைப் படிக்க முடியாமல் போனாலோ, அது ஆரம்ப இடத்துக்குத் திரும்பி வந்து மறுபடி முயலும். ஒவ்வொரு திரும்பலும் ஒரு "டக்". சில நேரம் பவர் வயர் சரியாக இல்லாததாலும் இப்படி வரும். ஆனால் டிஸ்க்கில் இருந்து டக் டக் என்று கேட்டால், வேறு காரணம் உறுதியாகும் வரை அதை நெஞ்சுவலி போலத்தான் நடத்த வேண்டும்.

குழப்பிக்கொள்ள வேண்டாம்: ஃபைல் திறக்கும்போது வரும் மெல்லிய "கறுகறு" இயல்பானது. ஷட் டவுன் செய்யும்போது ஒரே ஒரு டக் வருவதும் இயல்பானது.

15/
பத்து நாள் அந்த டக் டக் தொடர்ந்தது. பதினோராம் நாள் சனிக்கிழமை மாலை தங்கச்சி சொன்னார், "சார், சத்தம் நின்னுடுச்சு."

"பாத்தியா, நான்தான் சொன்னேன்ல!"

நண்பர்களே, ஆஸ்துமா அதிகமாகி வரும் நோயாளியின் நெஞ்சில் "கொய்ய்ங்" என்று வீசிங் கேட்கும். அவர் மூச்சு விடச் சிரமப்பட்டுக்கொண்டே இருக்கும்போது திடீரென்று வீசிங் நின்றுவிட்டால், அனுபவம் இல்லாதவர் "பரவாயில்லை, நின்னுடுச்சு" என்பார். தெரிந்தவர் ஓடுவார். சத்தம் போடும் அளவுக்குக்கூட காற்று உள்ளே போகவில்லை என்று அர்த்தம். சைலன்ட் செஸ்ட் என்போம். உயிர் போகும் அறிகுறி.

இதை இருபது வருடமாக ஜூனியர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருக்கிறேன்.

16/
திங்கட்கிழமை காலை. கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி. பூட் ஆக எந்த டிஸ்க்கும் இல்லை என்றது.

சர்வீஸ் தம்பி வந்தார். வேறு வயர், வேறு கம்ப்யூட்டர் என்று மாற்றி மாட்டிப் பார்த்தார். டிஸ்க் சுற்றத் தொடங்கி, நான்கு டக், அப்புறம் நிசப்தம்.

"எத்தனை நாளா சார் இந்தச் சத்தம்?"

"பத்து நாள் இருக்கும் தம்பி."

"அன்னைக்கே ஆஃப் பண்ணியிருந்தா எடுத்திருக்கலாம் சார்" என்றார். நான் எத்தனை பேரிடம் சொன்ன வாக்கியம் அது!

"ஃப்ரீசரில் வைத்து எடுங்க", "லேசா தட்டுங்க" என்று நண்பர்கள் வாட்ஸ்அப்பில் வைத்தியம் சொன்னார்கள். எதையும் செய்யாதீர்கள். ஃப்ரீசரில் வைத்தால் உள்ளே ஈரம் படியும். தட்டினால் மிச்சம் இருப்பதும் போகும். வீட்டில் டிஸ்க்கைத் திறக்கவே கூடாது. தகவல் மீட்கும் இடத்துக்கு அனுப்பினேன். தட்டு முழுக்கக் கீறல் விழுந்துவிட்டது, எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

என்னிடம் இருந்த கடைசி பேக்கப் ஒரு பென் டிரைவில். பதினான்கு மாதப் பழசு.

17/
"போனா போகுது, மறுபடி எழுதிக்கலாம்" என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம்தான் அந்த நினைப்பு இருந்தது.

அறுபது வயதைத் தாண்டிய ஒரு ஐயா. விவசாயி. சுகர் நோயாளி. என்னிடம் வர ஆரம்பித்து பத்து மாதம்தான், அதாவது அவருடைய எல்லாக் கணக்கும் அழிந்துபோன பகுதியில். அன்று வந்த ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.7.

இந்த ஒரு எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. முன்பும் 1.6 என்று இருந்திருந்தால், பழைய சுகர் கிட்னி பாதிப்பு, மெதுவாகப் போகிறது, மாத்திரையைச் சரிசெய்து பார்த்துக்கொள்ளலாம். முன்பு 1 என்று இருந்திருந்தால், சமீபத்தில் ஏதோ ஒன்று கிட்னியை அடிக்கிறது, உடனே தேட வேண்டும். இரண்டும் இரண்டு வைத்தியம்.

ஸ்க்ரீனைப் பார்த்தேன். அவர் பெயரே அதில் இல்லை.

18/
"பழசா ஏதாவது ரிப்போர்ட் இருக்காங்கய்யா?"

அவர் ஒன்றும் பேசாமல் மடியில் இருந்த மஞ்சப்பையை எடுத்தார். ஏதோ கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த பை. உள்ளே லேப் சீட்டு, மருந்துக் கடை பில், ஈசிஜி எல்லாம் தேதி வாரியாக அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். "எம் மக அடுக்கி வச்சுது சார்" என்றார்.

ஆறு மாதத்துக்கு முந்தைய சீட்டு: கிரியாட்டினின் 1.1.

பிறகுதான் துருவிக் கேட்டேன். முழங்கால் வலிக்கு இரண்டு மாதமாகக் கடையில் வாங்கி தினமும் வலி மாத்திரை போட்டிருக்கிறார். "போட்டா வலி நின்னுடுது சார், அதான்" என்றார்.

தட்டினால் சத்தம் நின்றது, எனக்கு. போட்டால் வலி நின்றது, அவருக்கு. அவரை நான் என்ன சொல்லித் திட்டுவது?

19/
வலி மாத்திரையை நிறுத்தினோம். மூட்டுக்கு வேறு வழி பார்த்தோம். சில வாரங்களில் 1.3க்கு இறங்கியது. நன்றாக இருக்கிறார்.

அந்தப் பை இல்லையென்றால்? "சுகர் இருக்கு, வயசாச்சு, கிட்னி கொஞ்சம் வீக்" என்று நானே எழுதி அனுப்பியிருக்க வாய்ப்பு உண்டு. அவரும் தினமும் அந்த மாத்திரையைத் தொடர்ந்திருப்பார்.

பை நிறையக் காகிதத்தோடு வருபவர்களைப் பார்த்தால் "இதெல்லாம் எதுக்குங்க, கம்ப்யூட்டர்ல இருக்கு" என்று சலித்துக்கொண்டவன் நான். ஒரு விவசாயி எடுத்து வைத்திருந்த பேக்கப் என்னிடம் இல்லை.

20/
சரி, என்ன செய்திருக்க வேண்டும்? எமர்ஜென்சியில் எங்களுக்கு ஒரு விதி. முதலில் மூச்சு, ரத்த ஓட்டம். பெயர் தெரிந்த டயக்னோசிஸ் அப்புறம். கம்ப்யூட்டரிலும் அதேதான். டிஸ்க்கில் சந்தேகச் சத்தம் கேட்டால் முதல் வேலை என்ன சத்தம் என்று ஆராய்வது இல்லை.

பச்சை: காயில் வைன், வயர் உரசல், பெட்டி அதிர்வு. பொறுமையாகப் பார்க்கலாம்.

மஞ்சள்: ஃபேன் கர்ர்ர், முழு வேக அலறல். இந்த வாரமே பாருங்கள். ஃபேன் நின்றால் சூடு ஏறி மற்றதும் கெடும்.

சிவப்பு: டிஸ்க்கில் டக் டக், அல்லது இரும்பை அரம் போட்டுத் தேய்க்கிற மாதிரி சத்தம். டக் டக் மெதுவாக, டிஸ்க் இன்னும் திறக்கிறது என்றால் மிக முக்கியமான ஃபைல்களை மட்டும் அப்போதே வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு அணையுங்கள். அரைக்கிற சத்தம் என்றால் மாற்றவும் முயல வேண்டாம், உடனே ஆஃப். ஒவ்வொரு சுற்றும் கீறலைக் கூட்டும்.

21/
சத்தம் வருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள, டிஸ்க்குக்கும் ஒரு மாஸ்டர் செக்கப் உண்டு. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்பைக் காட்டும். அதில் ரீஅலகேட்டட் செக்டார், பெண்டிங் செக்டார் என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றுங்கள். ஆனால் எல்லாம் நார்மல் என்று காட்டிவிட்டு மறுநாளே போன டிஸ்க்கும் உண்டு, ஈசிஜி நார்மலாக இருந்து மறுநாள் மாரடைப்பு வந்தவர்களைப் போல.

"நான் எஸ்எஸ்டி போட்டுட்டேன், சத்தமே கிடையாது" என்பவர்களே, அதில் சுற்றும் பாகம் இல்லை, அதனால் சத்தம் இல்லை. சாகாது என்று அர்த்தம் இல்லை. சுகர் நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் மாரடைப்பு வருமே, அந்த வகை. முன்னறிவிப்பும் தராமல் போகலாம்.

22/
இப்போது என் கிளினிக்கில் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று கிளினிக்குக்கு வெளியே. நோயாளி விவரம் என்பதால் எல்லாம் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியது. தினமும் மூடும்போது எடுக்கிறோம். மாதம் ஒரு முறை அந்தப் பிரதியில் இருந்து ஒரு ஃபைலைத் திறந்தும் பார்க்கிறோம். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பக் கூடாது.

இந்த வேலை முழுவதும் ரிசப்ஷன் தங்கச்சியின் பொறுப்பு. அவரிடம் மன்னிப்பும் கேட்டேன். "பரவால்ல சார், நீங்க பிஸியா இருந்தீங்க" என்றார். அந்த பதில்தான் இன்னும் உறுத்துகிறது. நோயாளிகளும் அப்படி நினைத்துக்கொண்டு எத்தனை விஷயத்தைச் சொல்லாமல் எழுந்து போயிருப்பார்கள்?

23/
உங்களிடம் இரண்டு வேண்டுகோள்.

ஒன்று: இன்று இரவே உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள பிள்ளைகள் போட்டோ, பத்திரங்களின் ஸ்கேன், எது போனால் அழுவீர்களோ அதை மட்டும் இன்னொரு இடத்தில் எடுத்து வையுங்கள். "ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்" வேண்டாம்.

இரண்டு: டாக்டரிடம் போகும்போது பழைய சீட்டுகளோடு அந்த மஞ்சப்பையைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். டாக்டர் சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும். மேஜையில் வையுங்கள்.

அடுத்த பதிவில் வழக்கம் போல கொழுப்புக்கு வருகிறேன்.